அஞ்சு பேர் நின்ற போட்டோ

போன இதழ் கேள்வி-பதில் பக்கத்தில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவர் தோட்டத்துக் கிணறு நாலு வருடமாகப் பயன்பாட்டில் இல்லையாம். தூர் வாரி மறுபடி இறைக்கலாம் என்று இருக்கிறாராம். உள்ளே இறங்கும் முன் என்ன பார்க்க வேண்டும் என்பது கேள்வி. விஷவாயு இருக்கலாம், நல்ல காற்றை உள்ளே செலுத்திய பிறகு இறங்குங்கள், தனியாக இறங்க வேண்டாம் என்று மூன்று நான்கு வரியில் பதில் இருந்தது. சரியான பதில்தான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதைப் படித்த பிறகு எனக்கு அடுத்த பக்கம் திருப்பக் கை வரவில்லை. ஆசிரியருக்கு ஒரு கடிதம் போடலாம் என்று உட்கார்ந்தேன். அது இவ்வளவு நீண்டுவிட்டது.

என் வீட்டில் ஒரு பழைய போட்டோ இருக்கிறது. 1982 பொங்கலுக்கு மறுநாள் பெரம்பலூர் ஸ்டுடியோ ஒன்றில் எடுத்தது. பெரம்பலூர் அப்போது திருச்சி மாவட்டத்தில் இருந்தது, தனி மாவட்டம் ஆனது 1995-ல்தான். போட்டோவில் அஞ்சு பேர் நிற்கிறோம். எல்லோருக்கும் பதினெட்டு, பத்தொன்பது வயது. பெல்பாட்டம் பேண்ட் ரெண்டு பேருக்குத்தான் சொந்தம், மற்ற மூன்று பேர் வேட்டி. அஞ்சு பேரில் இன்று இருப்பது ரெண்டு பேர். நானும் நெட்டையும். மற்ற மூன்று பேரும் இருபத்தி மூன்று வயதைத் தாண்டவில்லை.

அவர்களுடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். எங்களுக்குள் கூப்பிட்டுக்கொண்ட பட்டப்பெயரிலேயே சொல்கிறேன். பூசாரி, மெக்கானிக், கட்டை.

எங்கள் ஊர் பெரம்பலூருக்கு மேற்கே, பச்சைமலை தெரியும் தூரத்தில் இருக்கிறது. மானாவாரியில் பருத்தியும் சோளமும் வரகும், கிணறு இருக்கிறவனுக்குச் சின்ன வெங்காயமும் மிளகாயும். கவலை இறைத்த காலத்தின் கடைசியை நாங்கள் பார்த்தோம். அப்பாவுக்குப் பிறகு எங்கள் கிணற்றில் மாடு கட்டவில்லை, கல்தூண் மட்டும் நின்றது. அந்தத் தூணில் ஏறித்தான் குதிப்போம். நீச்சல் கற்றுக்கொண்டதும் அங்கேதான். இடுப்பில் சுரைக்குடுக்கையைக் கட்டி எங்க சித்தப்பா தூக்கிப் போடுவார். கட்டைக்கு மட்டும் ஒரு வாரமாகியும் நீச்சல் வரவில்லை. எட்டாம் நாள் குடுக்கை அவிழ்ந்துபோனது தெரியாமல் அவன் பாட்டுக்கு நீந்திக்கொண்டிருந்தான். "டேய், குடுக்கை அங்க மிதக்குதுடா" என்று பூசாரி கத்திய பிறகுதான் பயந்துபோய் முழுகினான்.

வாரம் ஒரு நாள் ரெண்டாம் ஆட்டம். மூன்று சைக்கிளில் அஞ்சு பேர். திரும்பும்போது டைனமோ லைட் ஒன்றுதான் எரியும், அதுவும் மெக்கானிக் சைக்கிளில். அவன் ஒன்பதாவதோடு நின்றவன். ஊரில் எந்த ஆயில் எஞ்சின் நின்றாலும் அவனைத்தான் தேடுவார்கள். எஞ்சினைத் தொடுவதற்கு முன் அது ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்பான். பிறகு இன்ன இடம் என்று சொல்லுவான். அது சரியாகவே இருக்கும். கூலி கேட்கத் தெரியாது. எல்லோரும் அதை நன்றாகப் பயன்படுத்திக்கொண்டோம், நானும்தான்.

பூசாரி வீட்டார் எங்கள் ஊர் அய்யனார் கோயிலுக்குப் பூசை செய்பவர்கள். அவனுக்குச் சாமி பயம் கிடையாது, இருட்டுப் பயம்தான். சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும் என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். மற்ற நாளில் நடை சாத்தியிருக்கும்போது அந்தப் பக்கம் சைக்கிளில் போனால்கூட வேகமாக மிதிப்பான். ஒரு தடவை சாத்தனூர் கல்மரம் பார்க்க அஞ்சு பேரும் போனோம். கோடிக்கணக்கான வருடத்துக்கு முந்தைய மரம் கல்லாகிக் கிடக்கிறது, அந்தக் காலத்தில் இங்கே கடல் இருந்தது என்று அங்கே நின்ற ஒருவர் சொன்னார். பூசாரி குனிந்து அந்தக் கல்லை முகர்ந்து பார்த்துவிட்டு, "கருவாட்டு வாசனையே இல்லையேடா" என்றான். இன்றைக்கும் நெட்டை போன் பண்ணினால் அதைச் சொல்லாமல் வைக்க மாட்டான்.

முதலில் போனது பூசாரிதான். 1984 தை மாதம். வெங்காயம் பிடுங்கி, தோட்டத்திலேயே பட்டறை போட்டு வைத்திருந்தோம். காவலுக்கு ராத்திரி முறை வைத்துப் படுப்போம். அன்றைக்கு என் முறை. எனக்குச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், பெண் அழைப்புக்குப் போய்விட்டேன். "நான் படுத்துக்கிறேன், நீ போ மாப்ள" என்றான். தனியாகப் படுக்கப் பயந்து கட்டையையும் கூட்டிக்கொண்டான். கட்டிலில் கட்டை, தரையில் சாக்கை விரித்து பூசாரி.

நடுச்சாமம் ரெண்டு மணி இருக்கும், வயிறு வலிக்கிறது என்று எழுந்திருக்கிறான். எங்கேயும் ரத்தமில்லை, வீக்கமில்லை, எரிச்சல்கூட இல்லை. சாயங்காலம் தின்ற பரோட்டா என்று கட்டை நினைத்தான். வீட்டுக்குக் கூட்டிவந்தான். ஓமத் தண்ணி வைத்துக் கொடுத்தார்கள். விடியற்காலை நான் போய்ப் பார்த்தபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தான். கண் இமை ரெண்டும் தொங்கிக்கிடந்தது. நாக்குக் குழறியது. "தூக்கமா வருதுடா" என்றான். ராத்திரி பூரா முழித்திருக்கிறான், தூங்கட்டும் என்று தலையணையை எடுத்துவந்து வைத்தவன் நான்.

ஏழு மணி பஸ் வரும்போது மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. பஸ்ஸில் ஏற்றினோம். பாதி வழியிலேயே முடிந்துபோனது. மறுநாள் பட்டறையைப் பிரித்தபோது சாக்குக்கு அடியில் கட்டுவிரியன் சுருண்டு கிடந்தது. கறுப்பு உடம்பில் வெள்ளைக் கட்டு, ஒரு முழம்தான்.

கட்டுவிரியன் அப்படித்தான் என்பது எனக்குப் பத்து வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அது ராத்திரியில் வரும். தரையில் படுத்திருக்கிறவனைத் தூக்கத்திலேயே கடிக்கும். பல் பட்ட இடம் கண்ணுக்குத் தெரியாது, பெரிய வலியும் இருக்காது. முதலில் வயிற்று வலி, பிறகு இமை தொங்கும், பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு இழுக்கும் தசையே வேலை செய்யாது. தூக்கம் வருகிறது என்று அவன் சொன்னது தூக்கமே இல்லை. தரையில் படுத்து எழுந்த ஒருவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து இமை இறங்கினால் கடிவாயைத் தேடிக்கொண்டிருக்காதீர்கள். கயிறு கட்டுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம். ஆளை நடக்க விடாமல் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். நம் மாநிலத்தில் அந்த வண்டி 2008-லிருந்து ஓடுகிறது. விஷமுறிவு மருந்து அரசு மருத்துவமனையில் இலவசம். களத்தில் படுப்பதாக இருந்தால் கட்டில். கட்டில் இல்லையென்றால் கொசுவலையைக் கட்டி, ஓரத்தைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டுப் படுங்கள்.

அந்தச் சாவை ஊர் பெரிதாகப் பேசவில்லை. பாம்பு கடித்தது, விதி. அவ்வளவுதான். நாங்கள் நாலு பேரும் கொஞ்ச நாள் சினிமாவுக்குப் போகவில்லை. பிறகு போனோம்.

இனி கிணற்றுக்கு வருகிறேன்.

1984-லேயே சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம் வந்துவிட்டது. ஆனால் இணைப்பு எல்லோருக்கும் ஒரே நாளில் வந்துவிடாது. எழுதிப் போட்டுவிட்டுக் காத்திருந்தோம். அதுவரை ஆயில் எஞ்சின்தான். எங்கள் கிணறு ஐம்பத்தஞ்சு அடி. 1987 கோடையில் தண்ணீர் நாற்பது அடிக்குக் கீழே போய்விட்டது. மேலே வைத்த பம்பு எவ்வளவு நல்ல பம்பாக இருந்தாலும் இருபது, இருபத்தஞ்சு அடிக்குக் கீழே இருக்கும் தண்ணீரை உறிஞ்சி எடுக்க முடியாது. அது எஞ்சினின் குதிரைசக்தியைப் பொறுத்த விஷயமில்லை, காற்றின் அழுத்தம் தூக்கிக் கொடுக்கும் அளவு அவ்வளவுதான். ஆகவே தண்ணீர் இறங்க இறங்க எஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்குவார்கள். நாங்களும் முப்பது அடியில் பாறையைச் செதுக்கித் திட்டு அமைத்து அதில் எஞ்சினை உட்கார வைத்தோம். எங்கள் பக்கம் அப்போது பத்துக் கிணற்றில் ஆறில் இப்படித்தான் இருந்தது. புகைக் குழாயை மேலே வரை நீட்டுகிற வழக்கம் சில பேரிடம் உண்டு. எங்கள் வீட்டில் குழாய்க்குக் காசு பார்த்தோம்.

வைகாசி முதல் வாரம். வெங்காயம் காய் பிடிக்கும் பருவம். காலை அஞ்சு மணிக்கு ஓட்டிய எஞ்சின் பதினொன்றரைக்கு நின்றுவிட்டது. நான் மெக்கானிக் வீட்டுக்கு ஓடினேன். அவன் சாப்பிட உட்கார்ந்திருந்தான். கம்பஞ்சோறும் கருவாட்டுக் குழம்பும். "சாப்பிட்டுட்டு வாடா" என்று நான் சொல்லவில்லை. "மடை பாதியில நிக்குது, வா மச்சான்" என்றேன். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தான்.

படிக்கல்லில் இறங்கினான். கீழேயிருந்து பேசிக்கொண்டேதான் வேலை பார்த்தான். "டீசல் லைன்ல காத்துப் பிடிச்சிருக்குடா" என்றான். திருகைத் தளர்த்திக் காற்றை எடுத்துவிட்டு, சுற்றிவிட்டான். எஞ்சின் பிடித்துக்கொண்டது. மேலே வராமல் அங்கேயே நின்று சத்தத்தைக் கேட்டான், அவனுடைய பழக்கம். ஒரு பத்து நிமிடம் இருக்கும். தலை சுற்றுகிற மாதிரி இருக்கிறது என்று சொன்ன மாதிரி கேட்டது. எஞ்சின் சத்தத்தில் சரியாக விழவில்லை. "என்ன?" என்று நான் கத்தினேன். ஸ்பேனர் தண்ணீரில் விழும் சத்தம்தான் வந்தது. குனிந்து பார்த்தேன். எஞ்சின் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான்.

பக்கத்துக் காட்டில் பருத்திக்கு உழுதுகொண்டிருந்த கட்டை என் சத்தம் கேட்டு ஓடிவந்தான். "மெக்கானிக் பேசமாட்டேங்கறான்" என்றேன். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கயிறு எடுத்து வருகிறேன் என்று நான் கொட்டகைக்குத் திரும்புவதற்குள் அவன் பாதி இறங்கிவிட்டான். கபடி ஆடுகிற உடம்பு. நான் கயிற்றோடு வந்து பார்க்கும்போது மெக்கானிக்கை அக்குளில் கை கொடுத்துத் தூக்கிவிட்டிருந்தான். ரெண்டு படி ஏறினான். பிறகு களைத்தவன் மாதிரி அந்தப் படியிலேயே உட்கார்ந்தான். மடியில் அவன். அப்படியே இருவரும் சரிந்தார்கள்.

நான் நாலு படி இறங்கிவிட்டேன். சித்தப்பா ஓடிவந்து என் தலைமுடியைப் பிடித்து மேலே இழுத்தார். நான் திட்டினேன், அடித்தேன். அவர் விடவில்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. டீசல் தீர்ந்து அதுவாக நின்றது. பிறகு வேப்பங்கொத்தைக் கயிற்றில் கட்டி விட்டுவிட்டு இழுத்தார்கள், தண்ணீரை அள்ளி ஊற்றினார்கள். ஒருத்தர் இடுப்பில் கயிறு கட்டி, ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு இறங்கினார். ரெண்டு பேரையும் மேலே கொண்டுவந்து கிடத்தியபோது மணி ஒன்றரைக்கு மேல்.

ஒன்றை மட்டும் என்னால் மறக்க முடியவில்லை. ரெண்டு பேருடைய உதடும் நகமும் வெளுக்கவில்லை. செக்கச்செவேல் என்று இருந்தது. ரெண்டும் கறுத்த உடம்பு, இருந்தும் தெரிந்தது. "நிறம் மாறலப்பா, உசுரு இருக்கு" என்று பெண்கள் அழுதார்கள். அதை நம்பி மாட்டு வண்டியில் ஏற்றி ரோடு வரைக்கும் கொண்டுபோனோம்.

கிணற்றில் முனி அடித்துவிட்டது என்றார்கள். கிடா வெட்டினோம். அப்பா கிணற்று வாயில் முள்ளை வெட்டிப் போட்டு மூடினார். மறு வருடம் முள்ளை எடுத்தார். கிணற்றை மூடினால் வயிற்றை மூட முடியுமா? 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் மின்சாரம் இலவசம் என்று அறிவித்தார்கள். அதை ஒட்டித்தான் எங்களுக்கும் கம்பி வந்தது. அதுவரை இதே எஞ்சின் இதே திட்டில் ஓடியது. புகைக்குழாயை மட்டும் மேலே வரை நீட்டியிருந்தோம். நூற்றிச்சொச்சம் ரூபாய் ஆனது.

கட்டைக்கு அப்போது கல்யாணமாகி எட்டு மாதம். அந்தப் பெண் முழுகாமல் இருந்தது. அவன் போன பிறகு மகள் பிறந்தாள். அவள் அம்மா வீட்டோடு வளர்ந்து, நர்ஸ் படிப்புப் படித்து, இப்போது ஒரு மருத்துவமனையில் வேலை பார்க்கிறாள். படிப்பு முடிந்த வருடம் ஊருக்கு வந்தவள் என்னிடம் தனியாகக் கேட்டாள். "மாமா, எங்கப்பா உதடு என்ன நிறத்துல இருந்துச்சு?" சிவப்பு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினாள்.

எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு என்று ஒரு வாயு இருக்கிறது. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூச்சில் போனால் ரத்தத்தில் ஆக்ஸிஜன் உட்கார வேண்டிய இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் இறுகப் பிடித்துக்கொள்ளும். அந்த ரத்தம் பளிச்சென்று சிவப்பாக இருக்கும், ஆனால் அதனால் உடம்புக்கு ஒரு பயனும் இல்லை. தலை சுற்றும், கை கால் ஓயும், ஏறிப் போய்விடலாம் என்று புத்தி சொல்லும்போது கால் கேட்காது. ஈரத்துண்டு இதைத் தடுக்காது. அன்றைக்குத் துண்டு கட்டி இறங்கியவர் பிழைத்ததற்குக் காரணம் துண்டு இல்லை, எஞ்சின் நின்று நேரமாகியிருந்ததுதான்.

தூர் வாரப்போகும் அந்த வாசகருக்கும் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. பயன்படாத கிணற்றில் எஞ்சினே வேண்டாம். உள்ளே விழுந்த இலையும் தழையும் சேறும் அழுகும்போதே ஆக்ஸிஜனைத் தின்றுவிடும். கரியமில வாயுவும் அழுகிய முட்டை நாறும் ஹைட்ரஜன் சல்பைடும் அடியில் தங்கும். சேற்றைக் கலக்கும்போது இன்னும் கிளம்பும். அந்த நாற்றம்கூட அளவு அதிகமானால் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும், மூக்கு மரத்துப்போகும். விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பது நம் பெரியவர்கள் செய்தது. விளக்கு அணைந்தால் ஆக்ஸிஜன் குறைவு என்று தெரியும், இறங்கக் கூடாது. ஆனால் விளக்கு எரிந்தால் எல்லாம் சரி என்று அர்த்தமில்லை. எஞ்சின் புகை இருக்கும்போதும் விளக்கு எரியும். ப்ளோயர் வைத்து அடிவரை காற்றை ஊத வேண்டும். வேலை முடிகிறவரை ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ப்ளோயரை ஓட்டும் ஜெனரேட்டரையோ தண்ணீர் இறைக்கும் எஞ்சினையோ கிணற்று வாயோரம் வைத்தால் அதன் புகையே உள்ளே இறங்கும், தள்ளி வைக்க வேண்டும். இறங்குகிறவன் இடுப்போடு தோளையும் சேர்த்துக் கயிறு கட்டியிருக்க வேண்டும், மேலே கயிற்றைப் பிடிக்க மூன்று பேர். உள்ளே இருக்கிறவன் பேசவில்லை என்றால் கயிற்றை இழுக்க வேண்டுமே தவிர யாரும் இறங்கக் கூடாது. கயிறு இல்லையென்றால் 101-க்குப் போன் பண்ணிவிட்டு மேலேயே நிற்க வேண்டும். மேலே நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அப்படியும் நிற்க வேண்டும்.

அந்தக் காலத்து ஆட்கள் எல்லாம் திடமாக இருந்தார்கள், நூறு வயது வாழ்ந்தார்கள் என்று மேடையில் பேசுகிறவர்களைக் கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. தின்ற சோளமும் கம்பும் நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வயதில் செத்தவர்களை யார் கணக்கெடுத்தது? தெருவுக்கு ரெண்டு பேர் இருப்பார்கள். பூச்சிமருந்து அடிக்கும்போது நாசிலில் அடைப்பு என்றால் வாயை வைத்து ஊதினவர்கள் நாங்கள். வெறும் கையை விட்டு மருந்து கலக்கினவர்கள். நான் ஒரு தடவை பருத்திக் காட்டில் மயங்கி விழுந்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பிழைத்தது என் சாமர்த்தியம் இல்லை.

மெக்கானிக்கின் அம்மா, எனக்கு அத்தை முறை, இன்னும் இருக்கிறார். எண்பதைத் தாண்டிவிட்டது. வீட்டில் மகன் படம் மாட்டியிருக்கிறார். அவனைத் தனியாக எடுத்த போட்டோ கிடையாது. அந்த அஞ்சு பேர் போட்டோவிலிருந்துதான் அவன் உருவத்தை மட்டும் பெரிதாக்கி வாங்கியிருக்கிறார்கள். அந்தப் படத்தில் அவன் தோளில் நாலு விரல் இருக்கும். வருகிறவர்கள் யாருடைய விரல் என்று கேட்பதுண்டு. அது என்னுடையது.

அந்த வீட்டுக்கு நான் போவேன், வருவேன். வெங்காயம் பிடுங்கினால் ஒரு மூட்டை அங்கே போகும். ஆனால் அன்றைக்குச் சோற்றிலிருந்து அவனை எழுப்பிக் கூட்டிப்போனது நான்தான் என்று ஒரு நாளும் சொன்னதில்லை. எஞ்சின் நின்றது, அவன் இறங்கினான், இவ்வளவுதான் எல்லோருக்கும் சொன்ன கதை. அத்தை அந்நேரம் வீட்டில் இல்லை, ஆடு ஓட்டிப் போயிருந்தார்.

போன இதழில் அந்தக் கேள்வியைப் படித்த அன்று சாயங்காலம் போனேன். திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் சொல்லாததைச் சொன்னேன். உலக்கை நிற்கவில்லை.

"தெரியும்டா" என்றார். "நான் வந்து பாக்கறப்ப வட்டில்ல பாதிச் சோறு இருந்துச்சு. அவனாப் போயிருந்தா தின்னுட்டுத்தான் போவான். நீ வந்து கூப்பிட்டாத்தான் எந்திரிப்பான்."

"ஏன் அத்தை ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டு? ஒங்கப்பன் ஒன்னைய வண்டியில கட்டிப்போட்டு வச்சிருந்தாரு அன்னைக்கு. கிணத்துப் பக்கமே போவேன்னு நின்ன. ஒனக்குத் தெரியாதா?"

எனக்கு நினைவில்லை. என்னைக் கட்டிப்போட்டது என் நினைவில் எங்கேயும் இல்லை. நெட்டைக்கு அன்றிரவு போன் பண்ணிக் கேட்டேன். அவன் 1988-லேயே வளைகுடாவுக்குப் போய், இப்போது திருச்சியில் மகனோடு இருக்கிறான். "ஆமாண்டா, கட்டுனது நான்தான்" என்றான். அவனும் இதுவரை சொன்னதில்லை.

இப்போது ஏன் இதையெல்லாம் எழுதுகிறேன் என்றால், போர்வெல் இந்த வருடம் கைவிட்டுவிட்டது. அந்தப் பழைய கிணற்றைத் தூர் வாரலாம் என்று என் மகன் சொல்கிறான். ஏழெட்டு வருடமாக யாரும் இறங்காத கிணறு. ஆட்கள் பேசியாகிவிட்டது. வந்து பார்த்த மேஸ்திரி, "ப்ளோயர் எல்லாம் எதுக்குங்க, நாங்க எத்தனை கிணறு பாத்துருக்கோம்" என்றார். வாடகை, ஜெனரேட்டர், டீசல் எல்லாம் சேர்த்துச் செலவு கூடும் என்று மகனும் யோசித்தான். அவனை உட்கார வைத்து, இங்கே எழுதியிருப்பதை வாயால் சொன்னேன். அவனுக்கு நாற்பது வயதாகப் போகிறது. எல்லாவற்றையும் இன்றைக்குத்தான் முழுதாகக் கேட்கிறான். பிறகு எழுந்து போய் ப்ளோயருக்கு போன் பண்ணினான். வெள்ளிக்கிழமைதான் கிடைக்குமாம்.

மேஸ்திரிக்கு முகம் சரியில்லை. நாலு நாள் கூலி போகிறது என்கிறார். அதில் ரெண்டு நாள் கூலியை நான் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். வெங்காயம் அதுவரை காத்திருக்கட்டும்.